பத்தடி தள்ளி நில்லுங்கள், தோழர்களே!

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்பா வருகிறார் என்று தெரிந்தால் போதும், மகன் கையில் இருக்கும் சிகரெட் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தமிழ்ப்பள்ளி வாத்தியாரைக் கண்டால் லோங்காங்கில் விழுந்துவிடும். கோயில் தலைவர் எதிரே வந்தால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். அவனுக்கே நாற்பது வயது ஆகியிருக்கும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பான். இருந்தாலும், "பெரியவங்க முன்னால ஊதக்கூடாது" என்பது நம் ரத்தத்தில் ஊறிய மரியாதை. எந்தச் சட்டமும் சொல்லித் தந்ததல்ல. நல்ல பழக்கம்தான், நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தப் புகையால் அப்பாவுக்கு வரும் கேடு அதிகமா, அஞ்சடியில் தூளியில் கிடக்கும் ஆறு மாதப் பிள்ளைக்கு வரும் கேடு அதிகமா? வாத்தியாருக்கு மறைக்கிறோம். பக்கத்தில் நிற்கும் முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு மறைக்கிறோமா? பெரியவர் கோபித்துக்கொள்வார், நாலு பேர் முன்னால் ஏசிவிடுவார். பிள்ளைக்குப் பேச வாய் இல்லை. வயிற்றில் இருப்பதற்கோ முகமே இன்னும் யாரும் பார்த்ததில்லை. வாய் இல்லாதவர்களுக்காகப் பேசுவதுதான் சங்கத்தின் வேலை என்பதால் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

நகர வேண்டியது யார்?

கூட்டம் போடுவதற்காக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். நல்ல மழை. குலை ஏற்றும் இடத்தில் இருந்தது ஒரே ஒரு கொட்டகை. உள்ளே ஆறேழு ஆண்கள், அதில் நாலு பேர் வாயில் சிகரெட். கொட்டகையின் ஓரத்தில், தகரத்திலிருந்து தண்ணீர் ஒழுகும் இடத்தில், உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு பெண் பாதி நனைந்தபடி நின்றிருந்தாள். ஏழு மாதம் இருக்கும்.

"ஏம்மா, உள்ள வந்து நிக்கலாமே?" என்று கேட்டோம்.

"பரவாயில்லங்க ஐயா. புகை எனக்கு ஒத்துக்கல. மழை விட்டுறும்," என்றாள்.

உள்ளே நின்றவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நடுச்சாமத்தில் வலி எடுத்தால் லோரியை எடுத்துக்கொண்டு ஓடக்கூடியவர்கள் அவர்கள்தான். அவள் ஏன் வெளியே நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். நாங்கள் சொன்னதும் ஒருவர், "அடடா, சொல்லக்கூடாதா தங்கச்சி!" என்று சிகரெட்டை மழையில் எறிந்தார். மற்றவர்களும் அணைத்தார்கள்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். அவள் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா? புகை பிடிப்பவன் தன் இஷ்டத்துக்குப் பிடிக்கிறான். சுமக்கிறவளுக்கு அந்த இஷ்டம் இல்லை. அப்படியிருக்க எழுந்து போக வேண்டியது யார்? புகை யாருடையதோ, நகர வேண்டிய காலும் அவருடையதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழு மாத வயிறு கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாதம் தெரியாது. சில சமயம் அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. நம் வழக்கத்தில் மூன்று மாதம் வரை வெளியே சொல்லவும் மாட்டார்கள். பிள்ளையின் இதயமும் மூளையும் கை கால்களும் உருவாகிற காலமோ அந்த முதல் மூன்று மாதம்தான். அதனால் வயிற்றைப் பார்த்து மரியாதை செய்தால் போதாது. பெண்கள் சேர்ந்து நிற்கும் இடத்தில் சிகரெட் பற்ற வைக்காமல் இருப்பதுதான் பத்திரமான வழி.

புகைக்குள்ளே என்ன இருக்கிறது?

சிகரெட் புகையில் 7,000க்கு மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. எல்லாவற்றையும் இங்கே சொல்லி மாளாது. இரண்டை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, கார்பன் மோனாக்சைடு. லோரியின் பின்புறக் குழாயிலிருந்து வருகிறதே, அந்த விஷவாயுதான். நாம் இழுக்கும் பிராணவாயுவை உடம்பு முழுக்கச் சுமந்து போவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதோடு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் நம் இடத்தை இன்னொருவன் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றால் எப்படி? அப்படித்தான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் ரத்தசோகை என்கிறார்கள். கிளினிக்கில் மிஸ்ஸி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "ரத்தம் பத்தலம்மா, கீரை சாப்பிடு, மாத்திரையை ஒழுங்கா போடு" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! ஏற்கனவே ரத்தம் குறைந்த தாய், அதிலும் ஒரு பங்கைப் புகைக்குக் கொடுத்தால், பிள்ளைக்கு மிச்சம் என்ன?

இரண்டாவது, நிக்கோடின். இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு ரத்தம் போகும் வழி குறுகும். தானே புகைக்காமல், பக்கத்தில் இருப்பவரின் புகையை மட்டும் சுவாசிக்கும் தாய்க்கும் பிள்ளை எடை குறைந்து பிறக்கக்கூடும். இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் குறைந்த எடைப் பிள்ளை என்று கணக்கு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், மூச்சுத் திணறல் எல்லாம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது.

பிறந்த பிறகு என்ன? பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பச்சைப்பிள்ளை 40 முதல் 60 தடவை விடும். ஒரே அஞ்சடியில் உட்கார்ந்தாலும், அதன் உடம்புக்கு அதிகமான புகையை அது இழுக்கிறது. மார்ச்சளி, ஆஸ்துமா, காதில் சீழ், தூக்கத்திலேயே திடீரென்று மூச்சு நின்றுபோகும் சாவு ஆகிய எல்லாவற்றுக்கும் பிறர் விடும் புகை ஒரு காரணம் என்று மருத்துவ உலகம் உறுதி செய்திருக்கிறது.

"ஊதுறவனுக்குத்தான் கெடுதல், பக்கத்துல இருக்கிறவங்களுக்கு என்னா?" என்ற பேச்சு 1981லேயே அடிபட்டுப்போனது. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் கணக்கெடுத்தார். புருஷன் அதிகமாகப் புகைக்கிற வீட்டில், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. ஊதியவன் ஒருத்தன், நோயைச் சுமந்தவள் இன்னொருத்தி.

"வெட்டவெளிதானே?"

"வீட்டுக்குள்ள ஊதல, வெளியதான் நிக்கிறேன். காத்துல போயிறாதா?" என்று கேட்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. வெளியில் புகை சீக்கிரம் கலைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கலைவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் கலையும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2007ல் இதை வெளியிடத்திலேயே கருவி வைத்து அளந்தார்கள். புகைப்பவருக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில், காற்று அடிக்கும் திசையில் உட்கார்ந்திருப்பவருக்கு, வீட்டுக்குள் இருப்பதைப் போன்ற அளவுக்குப் புகை வந்தது. ஆறடிக்கு மேல் விலகியதும் நன்றாகக் குறைந்தது. சிகரெட் அணைந்ததும் புகையும் போய்விட்டது. ஆகவே வெளியிடத்தில் தூரமும் காற்றின் திசையுமே கணக்கு.

அதுவும் நம் 'வெளியிடம்' எப்படிப்பட்டது? அஞ்சடிக்கு மேலே கூரை இருக்கிறது. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. முதல் வீட்டு அஞ்சடியில் ஊதினால் மூன்றாம் வீட்டுத் தூளிக்குப் போகும். கல்யாணப் பந்தலும், லோரியின் பின்தட்டும், பஸ் நிற்கும் கொட்டகையும் இதே மாதிரிதான். பெயருக்குத்தான் வெளி. புகைக்கு அது வீடு.

சில சாக்குகள், நம் பதில்கள்

"எங்க பாட்டி சுருட்டு பிடிச்சிக்கிட்டே பத்துப் பிள்ளை பெத்தாங்க!" சரி, பத்தில் எத்தனை தங்கியது என்றும் பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டும். மலேரியாவும் வறுமையும் அன்று பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. எதனால் போனது என்று எழுதி வைக்க ஆளில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவது கணக்காகாது.

"கொசுவுக்காக ஊதுறேன்." கொசுவத்தியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பால் வெட்டிய பரம்பரை நாம். கொசுக்கடி நமக்குத் தெரியும். ஆனால் கொசுவை விரட்டப் பிள்ளையையும் சேர்த்து விரட்டலாமா? கொசுவலை ஒன்று போதும்.

"கொசுவத்தியிலும் புகை வருது, சாம்பிராணியிலும் வருது, அதைக் கேட்க மாட்டீங்களா?" கேட்கிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் வாங்கிய கொசுவத்திச் சுருள்களைச் சோதித்து 2003ல் ஒரு ஆய்வு வந்தது. மூடிய அறையில் ஒரு சுருள் முழுக்க எரிந்தால், அதிலிருந்து வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளின் தூசிக்குச் சமம் என்று அது சொன்னது. ஆகவே பிள்ளை தூங்கும் அறையில் கொசுவத்தியும் வேண்டாம். சாம்பிராணி போடும் பழக்கத்தை விட மனமில்லாவிட்டால், பிள்ளை முகத்துக்குக் கொண்டுபோகாமல், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு புகை தவறு என்பதால் இன்னொரு புகை சரியாகிவிடாது.

"இது வேப், வெறும் ஆவிதான்." இளவட்டங்கள் சொல்வது இது. அந்த ஆவியிலும் பெரும்பாலும் நிக்கோடின் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு அது ஆகாது. பழவாசனை வந்தால் பழம் ஆகிவிடுமா?

நாம் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதைகள்

பத்தடி தள்ளிப் போங்கள். நடந்தால் நாலு எட்டுதான். பிள்ளையோ கர்ப்பிணியோ இருக்கும் பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் போங்கள். அவர்கள் வந்து உட்காரும்போது ஏற்கனவே ஊதிக்கொண்டிருந்தால், "நான்தானே முதலில் வந்தேன்" என்று கணக்குப் பேசாமல் எழுந்து போங்கள்.

லோரியிலும் டிராக்டரிலும் ஆள் ஏறியிருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஓடும் வண்டியில் அவள் எங்கே நகர்வாள்?

ஆயாக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், பெரட்டுக்களம், கிளினிக் வாசல் ஆகியவை பெண்களும் பிள்ளைகளும் வந்தே ஆக வேண்டிய இடங்கள். நமக்கு வேறு இடம் உண்டு, அவர்களுக்கு இல்லை.

திருவிழாக் கூட்டத்தில் சிகரெட்டைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். நம் கை தொங்கும் உயரமும் நாலு வயதுப் பிள்ளையின் கண் உயரமும் ஒன்றுதான்.

துண்டுச் சிகரெட்டை அஞ்சடியில் எறியாதீர்கள். தவழும் பிள்ளை எதைக் கண்டாலும் வாயில் போடும். அந்தத் துண்டில் மிச்சமிருக்கும் நிக்கோடின் சின்ன உடம்புக்கு விஷம்.

ஊதிவிட்டு வந்தவுடன் பிள்ளையைத் தூக்காதீர்கள். வாய் கொப்பளித்து, கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு தூக்குங்கள். புகை சட்டையிலும் மீசையிலும் தங்கும். பிள்ளை முகம் புதைப்பது அங்கேதான்.

எப்படிச் சொல்வது?

பெண்கள் பலர் நம்மிடம் சொல்வது: "மாமனார்கிட்ட எப்படிங்க சொல்றது? மரியாதை இல்லாத மருமகன்னு பேராயிடும்." வாஸ்தவம். அதனால் சொல்லும் பொறுப்பு முதலில் புருஷனுக்கு. "அப்பா, டாக்டரு புகை ஆகாதுன்னு சொல்லிட்டாரு. நீங்க அந்த மரத்தடியில உட்காருங்க, நாற்காலிய நான் தூக்கிட்டு வர்றேன்" என்று மகன் சொன்னால் எந்த அப்பனும் கோபிக்க மாட்டார். நாற்காலியைத் தூக்கிப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. விரட்டினால் சண்டை, இடம் காட்டினால் மரியாதை.

வெளி ஆளாக இருந்தால் மண்டோரோ சங்கக் கிளைச் செயலாளரோ சொல்லட்டும். "மாமா, உள்ள பச்சப்புள்ள தூங்குது. ஒரு எட்டு அங்கிட்டு நின்னு ஊதிட்டு வாங்க" என்றால் போதும். இன்று லயங்களில் நம்மோடு இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊரில் பிள்ளை குட்டி உண்டு. "அபாங், சினி அடா பாயி. தோலோங் மெரோக்கோ டி சானா" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சொல்லப்பட்டவருக்கும் ஒரு வார்த்தை. "எனக்கே சொல்றியா?" என்று முறைக்காதீர்கள். ஒரு பெண் வாய்விட்டுக் கேட்கிறாள் என்றால், கேட்பதற்கு முன் பத்துத் தடவை தயங்கியிருப்பாள்.

சட்டம் எதுவரை?

2019 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. மேசை நாற்காலியிலிருந்து 3 மீட்டர், அதாவது பத்தடி, தள்ளித்தான் புகைக்க வேண்டும் என்றார்கள். முதலில் முணுமுணுத்தோம், பிறகு பழகிக்கொண்டோம். 2024 அக்டோபர் 1ல் 852ஆம் எண் சட்டம், புகைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், அமலுக்கு வந்தது. வேப்பும் அதற்குள் அடங்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது. தடை செய்த இடத்தில் புகைத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க முடியும்.

ஆனால் நம் வீட்டு அஞ்சடிக்கு எந்த அதிகாரியும் வந்து நிற்கப் போவதில்லை. சட்டம் முடிகிற இடத்தில்தான் மனிதனின் மரியாதை ஆரம்பிக்கிறது. மாமா கடையில் முன்பின் தெரியாதவன் தட்டுக்காகப் பத்தடி தள்ளி நிற்கிறோம். சொந்தப் பேரப்பிள்ளைக்காக நிற்கக் கூடாதா?

தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. சட்டத்தின் நிபந்தனைக்கு உட்பட்ட தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் கிடைத்தது. தொழிலாளர் இயக்கம் பல காலம் கேட்டுப் பெற்ற நாள்கள் இவை. தாயும் பிள்ளையும் தேறுவதற்காகக் கிடைத்த அந்த ஏழு நாளையும் தகப்பன் அஞ்சடியில் உட்கார்ந்து ஊதியே கழிப்பதென்றால், கேட்டு வாங்கியதன் பலன் என்ன?

விட முடிந்தால் இன்னும் நல்லது

தள்ளி நிற்பது மரியாதை. விட்டுவிடுவது விடுதலை. நாளுக்குப் பத்து வெள்ளி சிகரெட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். மாதம் 300 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் புகையாகப் போகிறது. பால்மாவு, பள்ளிச் சீருடை, டியூஷன் காசு எல்லாம் அந்த 300ல் அடங்கும்.

நிறுத்தி 12 மணி நேரத்திலேயே ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்கி சாதாரண நிலைக்கு வந்துவிடும். தனியாக விட முடியாதவர்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் ஆலோசனை தரும் பிரிவு இருக்கிறது. மனைவியை மாதச் சோதனைக்குக் கூட்டிப்போகும் அன்றே நீங்களும் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அவள் விரலில் ஊசி குத்திக்கொள்ளும்போது நீங்கள் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறை?

கிளைத் தலைவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். ஆள் ஏற்றும் லோரியில் புகை இல்லை. ஆயாக் கொட்டகையைச் சுற்றிப் பத்தடிக்குப் புகை இல்லை. மழைக் கொட்டகைக்குள் புகை இல்லை, கர்ப்பிணிக்கு அங்கே முதல் இடம். இதற்கு நிர்வாகத்திடம் மனு போட வேண்டாம், பேச்சுவார்த்தை வேண்டாம், ஒரு காசு செலவு இல்லை. நாமே பேசி, நாமே முடிவெடுத்து, நாமே நடத்திக் காட்டக்கூடிய காரியம்.

தீர்மானத்தை வாசித்து முடித்ததும் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் பக்கம் திரும்பி, "நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேளுங்கள். இத்தனை நாள் தகரத்து ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றவர்கள் அவர்கள். முதல் கை அங்கிருந்துதான் உயரும்.